ரொம்போன் ஒலித்த செவ்வாய்க்கிழமைகள்

மேலக்கரட்டில் இன்று செல்போன் ரீசார்ஜ் கடை இருக்கிற இடத்தில் அன்றைக்கு அமலோற்பவத்தின் பிரவுசிங் சென்டர் இருந்தது. பிளைவுட் தடுப்புகளுக்கு நடுவே சில கம்ப்யூட்டர்களும், வாசலில் ஒரு ஜெராக்ஸ் மெஷினும், கரண்ட் போகும்போதெல்லாம் கைக்குழந்தை மாதிரி அழுகிற ஒரு யூ.பி.எஸ்.ஸும் இருந்த அந்த அறையிலிருந்துதான், தேனிப் பக்கத்தில் பஸ்கூட நின்று யோசித்துப் போகிற எங்கள் ஊர், செத்துப்போன ஒரு பள்ளிக்கூட பேண்டு கோஷ்டியை வாரத்துக்கு ஒருநாள் கேட்கிற ஊராக மாறியது.

அமலோற்பவம் அந்தக் கடையைத் திறந்தது பிள்ளைகள் பரீட்சை ரிசல்ட் பார்ப்பதற்கும், துபாய்க்குப் போனவர்களிடம் பெண்டாட்டிமார்கள் முகம் பார்த்துப் பேசுவதற்கும்தான். ஆனால் மத்தியான நேரங்களில் யாரும் வரமாட்டார்கள், ஃபேன் மட்டும் சுற்றும், அப்போது அவள் இணையத்தில் எல்லோரும் சேர்ந்து சம்பளமில்லாமல் எழுதுகிற தமிழ்க் கலைக்களஞ்சியத்தைக் கண்டுபிடித்தாள். முதல்நாள் ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்தினாள். மறுநாள் கொய்யா பற்றிய பக்கத்தில் இரண்டு வரி சேர்த்தாள். அதற்கப்புறம் அவளால் நிறுத்த முடியவில்லை.

அவள் புருஷன் சவரிமுத்து புனித சிசிலி பேண்டு செட்டின் சொந்தக்காரன், டிராம்போன்காரன். கையை நீட்டினால் நீண்டு மடக்கினால் மடங்குகிற அந்தப் பித்தளைக் குழாயை அவன் பொழுதுக்கும் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பார்த்து, அதற்கு ஒரு பக்கம் இருக்கிறதா என்று தேடினாள். டிரம்பெட்டுக்கு இருந்தது. நாதஸ்வரத்துக்கு இருந்தது. இதற்கு இல்லை. அவளே எழுதினாள். தலைப்பு ‘டிராம்போன்’. படத்துக்குச் சவரிமுத்துவையே சிவப்புக் கோட்டும் ஜரிகைத் தொப்பியுமாக, கன்னம் ரெண்டும் பணியாரம் மாதிரி உப்பி நிற்க வைத்து எடுத்துப் போட்டாள். ஊரே வந்து பார்த்தது. உலகத்தில் எங்கே எவன் டிராம்போன் என்று தமிழில் தேடினாலும் நம்ம சவரிமுத்துதான் வருவான் என்பதில் அவனோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்களுக்குக்கூடப் பெருமைதான்.

ஆவணி மாதம் முகூர்த்தங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துகொண்டிருந்தபோது, ‘நீரேரி’ என்ற பெயருடைய ஒருவர் வந்து அந்தத் தலைப்பை ‘ரொம்போன்’ என்று மாற்றிவிட்டுப் போனார்.

“என்னடி இது,” என்றான் சவரிமுத்து, திரையை எட்டிப் பார்த்து. “ரொம்பப் போனா எங்கிட்டுப் போகும்?”

அமலோற்பவம் சிரித்துக்கொண்டே பழைய பெயருக்கு நகர்த்தினாள். மறுநாள் அது மறுபடி ரொம்போனாக இருந்தது. அவள் பக்கத்தின் பின்னால் இருக்கிற உரையாடல் பக்கத்தில், ‘பயனர் நீரேரி அவர்களுக்கு, தமிழ்நாட்டில் பேண்டுக்காரர்கள் எல்லோரும் டிராம்போன் என்றே சொல்கிறார்கள், அன்புகூர்ந்து மாற்ற வேண்டாம்’ என்று எழுதினாள். ‘மதிப்புக்குரிய அமலோற்பவம் அவர்களுக்கு, தமிழ் தமிழ்நாட்டில் மட்டும் பேசப்படவில்லை, ஈழத்தில் நாங்கள் ரொம்போன் என்றே எழுதி வந்தோம்’ என்று பதில் வந்தது. இரண்டு பேருமே தப்பு, இழுகுழல் என்றுதான் வைக்க வேண்டும் என்று ஒருவர் வந்தார். இழுகுழல் என்றால் அடுப்பு ஊதுகிற குழல் மாதிரி இருக்கிறது, தாரை என்று வைக்கலாம் என்று இன்னொருவர் வந்தார். அவர்கள் கொஞ்சநாள் சண்டை போட்டுவிட்டு வீணையைப் பற்றிச் சண்டை போடப் போய்விட்டார்கள். இவர்கள் இரண்டு பேரும் மட்டும் விடவில்லை. அவள் மாற்ற, அவர் மாற்ற, அவள் மாற்ற, அவர் மாற்ற, மழை வந்தாலும் மாற்ற, கரண்ட் போய் வந்தாலும் மாற்ற, இப்படியே கார்த்திகை பிறந்துவிட்டது.

அந்த மாதம்தான் மளிகைக்கடைத் தங்கப்பாண்டியின் மகள் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பில் சவரிமுத்து ஒரு சினிமாப் பாட்டை எடுத்தான். எடுத்தது சினிமாப் பாட்டுத்தான், ஆனால் குழாயின் வாயிலிருந்து வந்தது வேறு. ஒரு டிராம்போன் சத்தமாக இல்லாமல் ஒரு முழு பேண்டு கோஷ்டியே வந்தது. டிரம்பெட்டுகள் வந்தன, பெரிய மேளம் வந்தது, சரளைக்கல்லில் சேர்ந்து நடக்கிற ஷூக் கால்கள் வந்தன, அதற்கெல்லாம் மேலே ஒரு ஆள் வேகமாக நடந்துகொண்டே கத்துகிற ‘லெஃப்ட் ரைட், லெஃப்ட் ரைட்’ வந்தது. எங்கள் ஊரில் யாரும் கேட்டிராத ஒரு அணிவகுப்பு மெட்டு. சவரிமுத்து உதட்டை எடுத்துவிட்டுக் குழாய்க்குள் எட்டிப் பார்த்தான். மறுபடி ஊதினான். மறுபடி அதே மெட்டு. மாப்பிள்ளையின் குதிரை மட்டும் அதற்குத் தோதாகக் கால் மாற்றி நடக்க ஆரம்பித்தது. மாப்பிள்ளை வீட்டார், இவ்வளவு பெரிய கோஷ்டியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று சந்தோஷமாகக் கேட்டார்கள்.

பேண்டுக்காரர்கள் குடியிருக்கிற பேண்டுத் தெருவில் இருந்த மற்ற டிராம்போன்களும் அப்படியே ஆயின. எங்களுக்கு அது எதனால் என்பதைவிட எப்போது என்பதுதான் கவலையாக இருந்தது, ஏனென்றால் சில நாட்கள் ஒழுங்காகப் பாடிவிட்டுச் சில நாட்கள் அணிவகுத்தன. காலையில் கல்யாணப் பாட்டு வாசித்தவன் சாயங்காலம் ரிசப்ஷனில் லெஃப்ட் ரைட் வாசித்தான். முதலில் ரசித்தவர்கள் அலுத்துப்போனார்கள். டிராம்போன் இல்லாமல் பேண்டு போனால் பொக்கை வாய்க்காரன் பேசுகிற மாதிரி இருந்தது. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் வேறு செட்டுகளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

சவரிமுத்து சாப்பாட்டைக் குறைத்துவிட்டான். “என் மூச்சை வாங்கி வேற எவனோ ஊதுறான்டி,” என்றான் பெண்டாட்டியிடம். “நெஞ்சு என்னோடது. சத்தம் எவனோடதோ.”

காரணத்தைக் கண்டது அமலோற்பவம்தான். கடைக்குப் பின்சுவருக்கு அப்பால் அவர்கள் வீடு. ஒரு மத்தியானம் அவன் அங்கே உட்கார்ந்து ஊத, லெஃப்ட் ரைட் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவள் வழக்கம்போல ரொம்போனை டிராம்போன் என்று நகர்த்தினாள். சுவருக்கு அப்பால் அந்த அணிவகுப்பு ஒரு அடியைத் தூக்கி மறு அடியை வைக்காமல் நின்றது. நின்ற இடத்தில் சினிமாப் பாட்டு தொடங்கியது. அவள் ஒரு தடவை மாற்றிப் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை. அப்புறம் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

உரையாடல் பக்கத்தில் அவள் உள்ளதை உள்ளபடி எழுதினாள். நீங்கள் வைக்கும் பெயர் இருக்கும்போது எங்கள் ஊர்க் குழாய்களில் ஒரு பேண்டு கோஷ்டி நடந்து போகிறது, ஒருவர் லெஃப்ட் ரைட் சொல்கிறார், பெரிய மேளம் எப்போதும் ஒரு தட்டு பிந்தி வருகிறது, இது உங்களுக்குத் தெரிந்ததா என்று கேட்டாள். பிறகு, ‘நீங்கள் என்னைப் பகிடி பண்ணுகிறீர்கள்’ என்று வந்தது. கொஞ்சம் கழித்து, அதற்குக் கீழே ஒரு டெலிபோன் நம்பர் வந்தது. நோர்வே நம்பர்.

அவள் பெயரை ரொம்போனுக்கு நகர்த்திவிட்டு, அந்த நம்பரைக் கூப்பிட்டுப் போனைக் குழாயின் வாயருகே பிடித்தாள். சவரிமுத்து, தன் பெண்டாட்டியோடு மாதக்கணக்கில் எழுத்தில் சண்டை போடுகிற ஆளுக்காக ஊதுகிறோமே என்ற கடுப்போடுதான் ஊதினான்.

“அக்கா,” என்றது மறுமுனையில் ஒரு ஆண்குரல். “இன்னொருக்கா ஊதச் சொல்லுங்கோ.”

சவரிமுத்து ஊதினான்.

“அது ஞானப்பிரகாசத்தின்ர மேளம்,” என்றார் அவர். “எப்பவும் பிந்தித்தான் அடிப்பான். அல்பிரட் மாஸ்டர் அவனுக்கு எத்தினை குட்டு குட்டியிருப்பார்.”

அவர் பெயர் விமலேந்திரன். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படித்தபோது அந்த பேண்டில் ரொம்போன் வாசித்தவர். ஊர் முழுக்க மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய ஒரு கார்த்திகை மாரியில், மாஸ்டரும் பெடியன்களும் வாத்தியங்களை விட்டுவிட்டு வர மனமில்லாமல் அவற்றையும் ஏற்றிக்கொண்டு கடல் உள்ளே புகுந்து ஏரி மாதிரி கிடக்கிற நீரேரியைத் தாண்டப் படகு ஏறினார்கள்.

“எனக்கு அம்மாள் வருத்தம் வந்து வேப்பிலையில கிடந்தன். அதால என்னை விட்டிட்டுப் போனவை. படகு அங்கால கரைக்கு வரேல்லை அக்கா. காத்தோ, வெடியோ, ஒருத்தரும் சொல்லேல்லை. உடம்புகளும் வரேல்லை, வாத்தியங்களும் வரேல்லை. இஞ்ச மே மாசம் வந்தா வெள்ளைக்காரப் பிள்ளையள் பேண்டு அடிச்சுக்கொண்டு தெருவால போவினம். நான் ஜன்னலைச் சாத்திப்போட்டு இருப்பன். எனக்கு அந்தப் பெயர் மட்டும்தான் மிச்சம். அதைத்தான் எழுதினனான். வேற ஒண்டுமில்லை.”

அமலோற்பவம் போனை வைத்தாள். சவரிமுத்து குழாயைத் துணியால் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

“செவ்வாக்கெழம நம்ம பக்கம் எவனும் தாலி கட்ட மாட்டான்,” என்றான் கடைசியில். “அன்னைக்கு அவரு பேரை வச்சுக்கச் சொல்லு.”

அப்படித்தான் எங்கள் ஊருக்குச் செவ்வாய்க்கிழமைகள் கிடைத்தன. திங்கட்கிழமை கடை அடைக்கும்போது அமலோற்பவம் பெயரை நகர்த்துவாள். செவ்வாய் காலை சவரிமுத்து வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊதுவான். போன் பக்கத்தில் திறந்திருக்கும். பால்காரர்கள் சைக்கிளை ஒரு காலில் தாங்கி நின்று கேட்டார்கள். பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் செவ்வாய் அசெம்பிளியை அந்த லெஃப்ட் ரைட்டுக்கே வைத்துக்கொண்டார். தன்னைவிட அல்பிரட் மாஸ்டருக்குப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம். மேளம் பிந்துகிற இடம் வந்தால் பேண்டுத் தெருப் பெண்கள், “இந்தா வந்துட்டான் ஞானப்பிரகாசம்” என்று தண்ணீர்க் குடத்தை இடுப்பு மாற்றிக்கொள்வார்கள். சவரிமுத்து தன் நெஞ்சை அந்தப் பையன்களுக்கு வாரம் ஒருநாள் வாடகையில்லாமல் விட்டிருப்பதாகச் சொல்லிக்கொண்டான். மற்ற நாட்களில் டிராம்போன்கள் ஒழுங்காகக் கல்யாணப் பாட்டு வாசித்தன. போடி செட்டுக்காரர்கள் போடியிலேயே இருந்தார்கள்.

செவ்வாயில் கல்யாணம் இல்லையே தவிரச் சாவு உண்டு. செவ்வாயன்று போகிறவர்களை அந்தப் பையன்கள் சுடுகாடுவரையும் கல்லறைவரையும் கொண்டுபோய் விட்டார்கள், சாதி மதம் எதையும் கேட்காமல். அப்படி ஒரு நடையோடு போவது கவர்னருக்குக்கூடக் கிடைக்காது என்று பேச்சாகி, படுக்கையில் கிடந்த பெரியவர்கள் கிழமை கேட்க ஆரம்பித்தார்கள். ரைஸ்மில் குருநாதன் அப்படி ஆசைப்பட்டவர்; செவ்வாய்க்காக இழுத்துப் பிடித்து, முடியாமல் ஞாயிற்றுக்கிழமை விடியலில் போய்விட்டார். அவர் மகன்கள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு பிரவுசிங் சென்டர் வாசலில் வந்து நின்றார்கள்.

“அக்கா, இந்த ஒரு நாள் மட்டும். அப்பாவோட ஆசை.”

அவள் மாட்டேன் என்றுதான் சொன்னாள். மூத்தவன் அழுததும் மாற்றிக்கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை மாற்றங்களைக் களஞ்சியத்தில் அதுவரை யாரும் கவனிக்கவில்லை. கிழமை தப்பிய அந்த மாற்றத்தைக் கலைக்களஞ்சியத்தின் நிர்வாகி கவனித்துவிட்டார். அவர் சேலத்தில் கல்லூரி ஆசிரியர்; நியாயமான மனிதர். பக்கத்தின் வரலாற்றைத் திறந்து பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கருவிக்குக் கிழமைக்கு ஒரு பெயர் என்பது எந்தக் களஞ்சியத்திலும் கிடையாது, மாத முடிவுக்குள் பேசி, வாக்கெடுத்து ஒரு பெயருக்கு வாருங்கள், அதன்பின் பக்கம் பூட்டப்படும் என்று எழுதினார். அமலோற்பவம் உண்மையைச் சொன்னாள். அவர் மிகுந்த மரியாதையோடு, தகுந்த மேற்கோள் இருந்தால் தரவும் என்றார்.

ஊர் கிளம்பியது. ரேஷன் கடைக்காரர், டிரில் மாஸ்டர், ரைஸ்மில் மகன்கள் எல்லோரும் அவள் கடையிலேயே உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டிக் கணக்குத் தொடங்கி வாக்குப் போட்டார்கள். ‘செவ்வாய் வேண்டும்’ என்று எழுதினார் ஒருவர். ‘எங்கள் அம்மா அதோடுதான் போனாள்’ என்று எழுதினார் இன்னொருவர். எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்த கைப்பாவைக் கணக்குகள் என்று நிர்வாகி அத்தனையையும் கோடு போட்டு அடித்துவிட்டார். மிஞ்சியது அமலோற்பவத்தின் வாக்கும் விமலேந்திரனின் வாக்கும். இரண்டு பேருமே போடாமல் இருந்தார்கள். ரொம்போன் என்றால் எங்கள் ஊர் பேண்டுகளுக்கு இனி வருஷம் முழுக்க அந்த ஒரே மெட்டுத்தான். சவரிமுத்து குழாயைத் தூக்கிப் பரணில் போட வேண்டியதுதான். டிராம்போன் என்றால் படகு இரண்டாம் தடவை கிளம்பிவிடும்.

“அக்கா, நான் வாறன்,” என்றார் விமலேந்திரன் போனில்.

மதுரையிலிருந்து வந்த பஸ்ஸில், எங்கள் ஊர் வெயிலுக்குச் சம்பந்தமில்லாத ஒரு கனத்த ஜாக்கெட்டோடு இறங்கினார். கையில் சாக்லெட்டும் டின் மீனும். நாங்கள் ஒரு வயசான மனிதரை எதிர்பார்த்திருந்தோம், நாற்பதுகூட இருக்காது. அமலோற்பவத்தைப் பார்த்ததும் கைகூப்பினார். திரையில் அத்தனை சண்டை போட்டவர்கள் நேரில் பேசிக்கொண்டது இவ்வளவுதான். “சாப்பிடுங்க,” என்றாள் அவள். “ஓம்,” என்றார் அவர்.

அது மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கு முதல்நாள். சாப்பாட்டின்போது சவரிமுத்துதான் கேட்டான்: “தம்பி, அந்தப் பிள்ளைகளுக்கு அடக்கம் எங்க நடந்துச்சு?”

“எங்க அண்ணை நடக்கிறது? உடம்பு இல்லையே.”

சவரிமுத்து கையைக் கழுவிவிட்டு நேராகச் சாமியார் குடியிருக்கிற கோயில் பங்களாவுக்குப் போனான். தூம்பா வேண்டும் என்றான். சவப்பெட்டியை வைத்துத் தூக்கிப்போகிற மரமஞ்சத்துக்கு எங்கள் ஊர் வேதக்காரர்கள் சொல்கிற பெயர் அது. பங்குச் சாமியார் கண்ணாடியைக் கழற்றினார்.

“உடம்பு இல்லாம எப்படிய்யா அடக்கம்?”

“சாமி, சத்தம் இருக்குல்ல.”

சாமியார் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். அப்புறம் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

செவ்வாய் காலை வெறும் தூம்பாவைப் பேண்டுத் தெருவில் இறக்கி வைத்தார்கள். ஊரில் ஒப்பாரிக்குப் பேர்போன சந்தனத்தாய் தன் ஆட்களோடு வந்து சுற்றி உட்கார்ந்தாள். விமலேந்திரன் ஒதுங்கி, ஒரு எலெக்ட்ரிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் அவரைக் கையாட்டிக் கூப்பிட்டாள்.

“பேரைச் சொல்லு தம்பி.”

அவர் சொன்னார். ஞானப்பிரகாசம். றெஜி. கேதீஸ். பத்மசீலன். அல்பிரட் மாஸ்டர்.

“பேரை மட்டும் சொன்னா எப்படி அழுவுறது? எப்படி இருப்பான், என்ன திம்பான், எதுக்குச் சிரிப்பான், சொல்லு.”

அவர் முதலில் தடுமாறினார். கேதீஸ் நாய்க்குப் பயந்தவன், நாய் நிற்கிற ஒழுங்கையை விட்டு மூன்று ஒழுங்கை சுற்றி வருவான் என்றார். றெஜி எல்லோருக்கும் காதல் கடிதம் எழுதிக் கொடுப்பான், அவனுக்கு ஒரு பெண்ணும் பதில் போட்டதில்லை என்றார். பத்மசீலன் டிரம்பெட்டுக்குள் தோடம்பழ இனிப்பு, நம்ம ஊர் ஆரஞ்சு மிட்டாய், ஒளித்து வைப்பான் என்றார். சொல்லச் சொல்ல அவருக்கு வந்துகொண்டே இருந்தது. சந்தனத்தாய் ஒவ்வொன்றையும் வாங்கி ராகத்தில் வைத்து அழுதாள். நாய்க்குப் பயந்த ராசா தண்ணிக்குப் பயப்படலையே என்று அவள் நெஞ்சில் அடித்தபோது, எங்கள் ஊர்ப் பெண்கள், கடலையே பார்த்திராதவர்கள், சொந்தப் பிள்ளைக்கு அழுகிற மாதிரி அழுதார்கள். அதுவரை வறண்ட கண்ணோடு இருந்த விமலேந்திரன் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அமலோற்பவம் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

சவரிமுத்து ஊத, தூம்பா கிளம்பியது. ரைஸ்மில் மகன்கள் ஒரு பக்கம் தோள் கொடுத்தார்கள், விமலேந்திரன் முன்கொம்பைப் பிடித்தார். வெறும் தூம்பாதான், ஆனால் கனத்ததென்று தூக்கியவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். கடைகளைச் சாத்தினார்கள். பஸ் நின்று வழிவிட்டது. கல்லறையில் குழி வெட்டியிருந்தது; சாமியார் ஒவ்வொரு பெயராக வாசித்தார்; விமலேந்திரன் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பிடி மண் போட்டார். சவரிமுத்து குழாயை உதட்டிலிருந்து எடுத்த பின்னாலும் அந்தக் கால்கள் கொஞ்சதூரம் நடந்தன, சுவரைத் தாண்டி, புளியமரங்களைத் தாண்டி, பிறகு கேட்கவில்லை.

திரும்பி வந்ததும் விமலேந்திரன் குளித்துவிட்டு ஈரத்தலையோடு பிரவுசிங் சென்டருக்குள் வந்தார். “அக்கா, எழும்புங்கோ,” என்றார். அவள் நாற்காலியில் அவரே உட்கார்ந்து, அவர் கையாலேயே, ரொம்போனை டிராம்போன் என்று நகர்த்தினார்.

“ஏன் தம்பி, அவசரம் என்ன?” என்றாள் அவள். “இன்னைக்குப் பொழுது இருக்கே.”

“காணும் அக்கா, இவ்வளவும் போதும்.”

இன்றைக்கும் அந்தப் பக்கத்தின் வரலாற்றைத் திறந்தால், நூற்றுக்கணக்கான மாற்றங்களுக்குப் பிறகு, பூட்டப்படுவதற்கு முந்தைய கடைசி வரியில், மாற்றத்துக்கான காரணம் என்ற இடத்தில், ‘அடக்கம் முடிந்தது’ என்று இருப்பதைப் பார்க்கலாம். நிர்வாகி கீழே ‘விளங்கவில்லை’ என்று எழுதியிருக்கிறார். யாரும் அவருக்குப் பதில் எழுதவில்லை. அடுத்த செவ்வாயும் அதற்கடுத்த செவ்வாயும் பால்காரர்கள் பேண்டுத் தெருவில் பழக்கத்தில் ஒரு காலை ஊன்றி நின்று, பிறகு மணியடித்துக்கொண்டு போனார்கள்.

அடக்கத்துக்கு மறுநாள், புதன்கிழமை, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கல்யாணம். சவரிமுத்து தன்னுடைய இன்னொரு சிவப்புக் கோட்டை விமலேந்திரனுக்கு மாட்டிவிட்டு, ஒரு பழைய டிராம்போனையும் கையில் திணித்தான். அன்றைக்குப் படகைத் தவறவிட்டதிலிருந்து அவர் அதைத் தொட்டதில்லை. முதலில் வெறும் காற்று வந்தது. அப்புறம் எருமை செருமுகிற மாதிரி ஒன்று வந்தது. தெருப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு மறுபடி ஊதினார். ஊர்வலம் பாதி தூரம் வந்தபோது பெண்ணின் தாய்மாமன் பொறுக்க முடியாமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சவரிமுத்துவின் காதில் கத்தினார்:

“யாருய்யா அந்தக் கடைசி ஆளு? சுருதியும் சேரல, பாட்டும் தெரியல!”

சவரிமுத்து குழாயை இறக்காமல், வாயோரத்தால் சொன்னான்:

“நம்ம ஆளுதாண்ணே. ரொம்ப நாளாச்சு ஊதி. பழகிருவாரு.”